தடை போடும் ஊர் இடமும் காட்ட வேண்டும்

எங்கள் ஊர் நடுத்தெரு முனையில் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய தகரப் பலகை ஒன்று இருக்கிறது. ‘இத்தெருவில் ஜீப், வேன், டிராக்டர் நிறுத்தக் கூடாது. மீறினால் ரூ.500 அபராதம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று மஞ்சள் வண்ணத்தின் மேல் கறுப்பு எழுத்தில் எழுதியிருக்கும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு சில ஊர்களிலும் இதே போன்ற பலகைகளைப் பார்த்திருக்கிறேன். வைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாரியம்மன் பொங்கலின்போது சப்பரம் நடுத்தெருவில் திரும்ப முடியாமல் நின்றது. சப்பரத்தைத் தூக்கி வந்தவர்கள் தோளில் பாரத்தோடு காத்திருக்க, யாரோ ஓடிப்போய் ஒரு ஜீப்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னார்கள். அந்த வாரமே சாவடியில் கூட்டம் போட்டார்கள். அடுத்த வாரம் பலகை வந்துவிட்டது.

தெருவில் நெரிசல் இருந்தது உண்மை. அதற்கு ஒரு கட்டுப்பாடு தேவை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முதலில் கண்ணில் பட்டது, அதில் இல்லாத வாகனம். ஜீப், வேன், டிராக்டர் என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுதியவர்கள் காரை எழுதவில்லை. சாவடிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கார் உண்டு. ஜீப்பில் ஏறி வேலைக்குப் போகிற ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. எங்கள் ஊர்க்கூட்டம் என்பது வரி கொடுக்கும் தலைக்கட்டுகளின் கூட்டம். பெண்கள் உட்கார்ந்து பேசும் வழக்கம் அதில் இல்லை. கிழக்குக் குடியிருப்புக்காரர்களுக்கு அந்தச் சாவடியில் இடம் இருந்ததே இல்லை. ஜீப்பை அதிகம் நம்பியிருப்பவர்கள் யாரோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் கூடி ஜீப்பைப் பற்றி முடிவெடுத்தார்கள். அது தவறு என்று அன்றைக்கே வீட்டில் சொன்னேன். ஆனால் ‘அப்படியானால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கட்டும் என்கிறாயா?’ என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிய கதைதான் இது.

விடியுமுன் கிளம்பும் ஜீப்

மேற்கே தெரியும் மலைமேல்தான் எங்கள் ஊரின் பாதிக் கூலி இருக்கிறது. வண்டன்மேடு, அணக்கரை, சக்குபள்ளம், நெடுங்கண்டம் என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு இங்கிருந்து தினமும் பெண்கள் போகிறார்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விற்கிற ஏலக்காயில் பெரும்பங்கு அந்த மலைச் சரிவுகளில் இருந்து வருவது. அதை எடுக்கிற கைகளில் நிறையக் கைகள் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. ஆவணி வாக்கில் காய் எடுப்பு மும்முரமாகிவிட்டால் தை, மாசி வரை ஓய்வில்லை. மற்ற மாதங்களில் களையெடுப்பு, காய்ந்த தட்டைகளைக் கழித்தல், மருந்தடிப்பு என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். தோட்டத்தில் எட்டு மணிக்கு வேலை தொடங்க வேண்டுமானால் ஊரில் ஐந்து, ஐந்தரைக்குள் ஜீப் கிளம்பிவிட வேண்டும். கம்பமெட்டு வழியோ குமுளி வழியோ மலையேறி, சோதனைச் சாவடியைத் தாண்டி, பஸ் போகாத தோட்டப் பாதையில் இறங்கி ஏறிப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸை நம்பி இந்த வேலைக்குப் போக முடியாது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால் தோட்டத்துக்குப் போய்ச் சேரவே பொழுது பாதி போய்விடும்.

என் மதினி அப்படிப் போகிறவர்களில் ஒருவர். மூன்றரை மணிக்கு எழுந்து சோறு வடித்து, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். ஜீப்காரர் நடுத்தெருவில்தான் குடியிருக்கிறார். இரவு தன் வீட்டு வாசலிலேயே நிறுத்துவார். வேறெங்கும் நிறுத்தினால் பேட்டரி போய்விடும், டீசல் போய்விடும் என்ற பயம் அவருக்கு உண்டு. அது நியாயமான பயம். விடியற்காலையில் அவர் வண்டியை எடுத்து மெதுவாகத் தெருத் தெருவாக வருவார். அந்தந்த வாசலில் அந்தந்தப் பெண் ஏறிக்கொள்வார். ஓட்டுநர்தான் பெரும்பாலும் ஆள் சேர்ப்பவரும். யார் வருகிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு ஜீப்பில் ஏற்றக்கூடிய எண்ணிக்கையைவிட மிக அதிகமாக ஏற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, அந்த வண்டி தெருவுக்குள் வருவதில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதைத்தான். இருட்டில் எந்தப் பெண்ணும் தனியாக நடக்க வேண்டியிருக்கவில்லை.

பலகை வந்த பிறகு ஜீப்புகள் மெயின் ரோட்டுக்குப் போயின. தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. வளைவு முடியும் இடத்தில் நடுநிலைப் பள்ளியின் வாசல். ஊருக்குள் இடமில்லை என்றான பிறகு வண்டிகளுக்குக் கிடைத்தது அந்த ஓரம்தான். இரவெல்லாம் அங்கேயே வரிசையாக நின்றன. விடியற்காலையில் பெண்கள் தெருவிளக்கு பாதி எரியாத பாதையில் நடந்து வந்து, சாலையைக் குறுக்கே கடந்து ஏறினார்கள். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவு பகலாக வரத் தொடங்கின. கூட்டம் மிகும் நாட்களில் சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பமெட்டு வழியாகவும் திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகவும் போலீஸார் ஒருவழிப் பாதையாகத் திருப்பிவிடுவது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் வளைவில் திரும்பும் ஓட்டுநருக்கு, ஓரத்தில் நிற்கும் ஜீப்பும் அதன் பின்னாலிருந்து வெளிப்படும் பெண்ணும் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். ஒரு வேன் பிரேக் அடித்துத் தேய்ந்து நின்ற சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுத்தெருவில் நின்றபோது சப்பரத்துக்கு இடைஞ்சலாக இருந்த வண்டி, இப்போது உயிருக்கு ஆபத்தான இடத்தில் நின்றது. ஊருக்குள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் தெரு அகலமாகிவிட்டது.

தெருவில் நிரந்தரமாக நிற்பவை

தெரு உண்மையில் எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஊராட்சி ஆவணத்தில் இருக்கிற அகலம் இன்றைக்குத் தரையில் இல்லை. பைக்கை வீட்டுக்குள் ஏற்ற ஒவ்வொரு வாசலிலும் சிமென்ட் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். சாக்கடை மூடியைத் தாண்டி இரண்டு அடி, மூன்று அடி என்று தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் நீட்டினால் இவரும் நீட்டுகிறார். சிலர் சாய்தளத்துக்கு முன்னால் உருண்டைக் கல்லோ மண் நிரப்பிய பிளாஸ்டிக் குடமோ வைத்து, அதற்கு மேல் வேறு வண்டி வந்து நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல், செங்கல் அடுக்கு, வீடு கட்டி முடித்து வருடக்கணக்கான பிறகும் கிடக்கிற ஜல்லி என்று எல்லாமே தெருவில்தான். ஜீப் இரவு ஏழுக்கு வந்து அதிகாலையில் போய்விடும். இவை போகவே போகாது.

ஊராட்சிகள் சட்டத்தில் பொதுச் சாலைக்குள் நீட்டிக் கட்டுவதும் பொருள் வைத்து மறிப்பதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. அகற்றச் சொல்லும் அதிகாரம் ஊராட்சிக்கு இருக்கிறது. ஆனால் சாய்தளத்துக்கு எதிராக ஒரு பலகை எந்த ஊரிலாவது வைக்கப்பட்டதாக நான் அறியேன். காரணம் எளிது. சாய்தளம் வைத்தவர் சாவடியில் உட்காருகிறார். ஜீப்காரருக்கும் நடுத்தெருவில் வீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் வாடகை வீடு. வாடகைக்காரருக்கு ஊர்க்கூட்டத்தில் வாய் கிடையாது. இதை யார் மீதும் கோபத்தில் எழுதவில்லை. என் வீட்டுக்கு எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு மாமன், மச்சான் முறைதான். ஆனால் தெருவைப் பற்றிய நியாயம் பேசும்போது, நிற்கிற வண்டியை மட்டும் பேசிவிட்டு, கட்டி எடுத்துக்கொண்ட இடத்தைப் பேசாமல் விடுவது சரியில்லை. நான்கு சாய்தளத்தை ஓர் அடி பின்வாங்கினாலே சப்பரம் போய்விடும் என்பதை அளந்து பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

சட்டம் எங்கே நிறுத்தாதே என்கிறது

பலகையில் எழுதிய 500 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 2019-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, தனியாகத் தண்டனை சொல்லப்படாத விதிமீறல்களுக்கு முதல் முறை 500 ரூபாயும் அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாயும் அபராதம். தவறான இடத்தில் நிறுத்துவது வழக்கமாக அதில்தான் வரும். பலகை எழுதியவர்கள் அந்தத் தொகையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதை வசூலிக்கும் அதிகாரம் போலீஸாருக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும்தான் உண்டு. ஊர்க்கூட்டம் வசூலிக்க முடியாது. டயரில் காற்றைப் பிடுங்குவதும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டுவதும் கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கின்றன. ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யவும் சட்டத்தில் இடமில்லை.

அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ தேவையற்ற சிரமமோ ஏற்படும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. ஆளில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் விடப்பட்ட வண்டியையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டியையும் அப்புறப்படுத்தச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்கு 127-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. எந்தெந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்பதை 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் பட்டியலிட்டன. சாலைச் சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி, பாலம், நடைபாதை, பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், பிறர் வீட்டு நுழைவாயில், வேகமாக வண்டிகள் ஓடும் முதன்மைச் சாலை, இன்னொரு நிற்கும் வண்டிக்கு நேர் எதிர்ப்பக்கம் என்று அந்தப் பட்டியல் போகும். 2017-இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றின் அக்கறையும் இதே இடங்கள்தான்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரை நடந்து பார்த்தேன். நடுத்தெருவில் ஜீப்காரர் தன் வாசலில் சுவரை ஒட்டி நிறுத்தினால், எதிரில் இன்னொரு வண்டி இல்லாதவரை, பட்டியலில் உள்ள எதிலும் அது நேரடியாக வராது. இடையூறு என்ற பொதுப் பிரிவில் வரலாம். அதுவும் சப்பரம் வருகிற நாளில், சவ ஊர்வலம் போகிற நாளில், ஆம்புலன்ஸ் வருகிற இரவில். ஆனால் இப்போது ஜீப்புகள் நிற்கிற இடம்? வளைவு ஒன்று, பஸ் நிறுத்தம் இரண்டு, பள்ளி வாசல் மூன்று, வேகமாக வண்டிகள் ஓடும் முதன்மைச் சாலை நான்கு. சட்டம் கூடவே கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்த நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்துக்கு எங்கள் ஊர் விதி வண்டிகளை விரட்டியிருந்தது. இத்தனை நாள் உறுத்தியது எது என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு தெரு தனக்கு வசதியாகப் போட்ட விதி, ஆபத்தைக் குறைக்கவில்லை. அதைத் தூக்கி, கேட்க ஆளில்லாதவர்களின் பக்கத்தில் வைத்துவிட்டது. தெருவில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்க, தோட்டத்துக்குப் போகிற பெண்களும் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளும் அதற்கு ஈடு கொடுத்தார்கள்.

காந்தி ஜயந்தி கிராம சபை

மாற்றம் வந்தது அக்டோபர் 2 கிராம சபையில். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிவதற்கு முந்தைய காலம் அது. அதனால் தலைவர் இருந்தார். அதற்குப் பிறகு நடந்ததுபோலத் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி அப்போது இருக்கவில்லை. தேசிய விடுமுறை என்பதால் மலையில் தோட்டங்களுக்கும் அன்று விடுமுறை. வழக்கமாக நூறு நாள் வேலைக்காரர்களும் நாலைந்து வார்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்கும் பந்தலில் அன்று தோட்டத்துக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு எல்லாம் வாசித்து முடித்த பிறகு, பள்ளி வாசலில் ஜீப்புகள் நிற்பது பற்றித் தலைமையாசிரியர் ஒரு மனு கொடுத்தார். உடனே இரண்டு, மூன்று பேர் எழுந்து, ‘அங்கேயும் ஒரு பலகை வைத்துவிடலாம்’ என்றார்கள். தலைவரும் தலையாட்டினார். தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போகிற நேரம்.

அப்போது கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர் எழுந்தார். அறுபதை நெருங்கும் வயது, வாழ்நாளில் பாதியை ஏலத்தோட்டத்தில் கழித்தவர். கிராம சபையில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. “தலைவரே, தெருவில் நிறுத்தக் கூடாது என்று எழுதினீர்கள், நாங்கள் ரோட்டுக்கு வந்தோம். இப்போது ரோட்டிலும் நிறுத்தக் கூடாது என்கிறீர்கள். சரி, பிள்ளைகள் படிக்கிற இடம், நிறுத்தக் கூடாதுதான். அப்படியானால் எங்கே நிறுத்தலாம் என்று ஒரு பலகை எழுதுங்கள். நாங்கள் அங்கே வந்து ஏறிக்கொள்கிறோம்” என்றார். ‘அதெல்லாம் ஜீப்காரன் பாடு’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “ஜீப்காரத் தம்பிக்கு என்ன, அவர் கம்பம் டவுனில் போய் நிறுத்திக்கொள்வார். இருட்டில் நடந்து போகிறது நாங்கள் இல்லையா?” என்று தலைவரைப் பார்த்தே கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டது. ‘தெருவை அடைத்துக்கொண்டு நிற்கட்டும் என்கிறாயா’ என்று என்னைக் கேட்டவர்களுக்கான பதில் அதுதான். நிற்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்லும் முன்பே நிற்க ஓர் இடத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வண்டி என்பது ஓடுவதைவிட அதிக நேரம் நிற்கிற பொருள். ஒரு ஊர் அதன் உழைப்பாளிகளை ஏற்றிப் போகிற வண்டி நிற்க இடம் யோசிக்காமல், நிற்காதே என்று மட்டும் சொன்னால், அது அந்த உழைப்பாளிகளையே இங்கே நிற்காதே என்று சொல்வதாகத்தான் போய் முடியும்.

ஊராட்சிச் செயலர் நெடுநாள் அனுபவமுள்ளவர். அவர் மெதுவாகச் சொன்னார்: இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, வண்டிகள் தங்குமிடங்களையும் வண்டிப்பேட்டைகளையும் அமைக்கும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்குத் தருகிறது. மோட்டார் வாகனங்களுக்கான நிறுத்தமும் அதில் அடக்கம். பயன்படுத்தக் கட்டணமும் வாங்கலாம். அப்படி ஓர் இடம் அமைத்த பிறகு, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சாலையோரங்களையும் பொது இடங்களையும் அதே காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று, மேலதிகாரத்துக்கு உட்பட்டு, தடையும் விதிக்கலாம். மாட்டு வண்டிக் காலத்துச் சென்னை மாகாணச் சட்டங்களிலிருந்து வழிவழியாக வருகிற ஏற்பாடு இது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் இடம், பிறகு தடை. இடம் கொடுத்த ஊராட்சிக்குத்தான் தடுக்கும் உரிமை பிறக்கிறது. சந்தைக்கு நெல் ஏற்றி வந்தவன் மாட்டை அவிழ்த்துக் கட்ட ஓர் இடம் வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு முன்பு யோசித்தவர்கள், விதி எப்படிப் போடப்பட வேண்டும் என்று நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டமும் 1994-இல் வந்தது; அதிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறுபாடு. இடுக்கியின் சின்னச் சின்னச் சந்திப்புகளில்கூட ஆட்டோவுக்கு இந்த ஓரம், ஜீப்புக்கு அந்த ஓரம் என்று ஸ்டாண்டுகள் பிரிக்கப்பட்டுப் பலகை நிற்கும். உள்ளாட்சித் தலைவர் தலைமையில் போக்குவரத்து ஆலோசனைக் குழு கூடி, போலீஸாரையும் போக்குவரத்து அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு இடத்தை முடிவு செய்கிறது. அங்கேயும் சண்டை உண்டு, கடைக்காரர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் தகராறு உண்டு. ஆனால் தகராறு, எந்த இடம் என்பதைப் பற்றியதாக இருக்கும். எங்கள் பெண்கள் தினமும் மலையேறிப் போய் அந்த ஸ்டாண்டுகளில் ஒழுங்காக இறங்கி, சாயங்காலம் திரும்பி வந்து வளைவில் இருட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

களம்

இடம் எங்கே என்ற கேள்விக்கு மூன்று பெயர்கள் வந்தன. மந்தைத் திடல் என்றார் ஒருவர். கோயில் காரியங்களுக்கு வேண்டும் என்று உடனே மறுப்பு வந்தது. கண்மாய்க்கரை என்றார் இன்னொருவர். நீர்நிலையில் கைவைக்கக் கூடாது என்று செயலரே தடுத்துவிட்டார், அது சரியும்கூட. மூன்றாவதாக வந்தது ஊருக்குத் தெற்கே உள்ள கதிரடிக்கும் களம்.

முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஒரு காலத்தில் அறுவடை என்றால் களம் இரவு பகல் நிறைந்திருக்கும். இன்றைக்கு அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. வைக்கோலும் வயலிலேயே கட்டாகி, கேரளத்துக்கு லாரியில் ஏறிவிடுகிறது. களத்தில் சில நாட்கள் நெல்லோ மக்காச்சோளமோ காய்கிறது, மற்ற நாட்களில் சீட்டாட்டம் நடக்கிறது. மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மாட்டுமந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு சட்டப்படி ஊராட்சியிடம்தான் இருக்கிறது. எனவே களத்தைக் களமாகவே வைத்துக்கொண்டு, அதன் மேற்கு ஓரத்தில் தானியம் காயாத மண் தரையில் ஜீப், வேன், டிராக்டர் நிறுத்தலாம். அறுவடை நாட்களில் உழவர்களுக்கே முன்னுரிமை என்று பேசி முடிவானது. தெருவிலிருந்து அங்கே நடந்துபோக ஐந்து நிமிடம். வளைவு இல்லை, நெடுஞ்சாலை இல்லை, சுற்றிலும் வீடுகள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. களத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள், விடியற்காலையில் இன்ஜின் சத்தம் கேட்குமே என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு தெருவின் சுமையை இன்னொரு தெருவின் மேல் ஏற்றுவதற்கு நாங்கள் கிளம்பவில்லை. அதனால் வண்டியைக் கிளப்பி நிறுத்திச் சூடேற்றக் கூடாது, ஹாரன் அடித்து ஆள் கூப்பிடக் கூடாது, களத்திலிருந்தே எல்லோரும் ஏறிக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுநர்களே ஒப்புக்கொண்டார்கள். கிழக்குக் குடியிருப்புக்கு மட்டும் தூரம் அதிகம் என்பதால் ஜீப் அங்கே போய் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றும் முடிவானது. ஏற்றி இறக்க நிற்பது வேறு, இரவெல்லாம் விட்டுவைப்பது வேறு. அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதும் எங்கள் பலகையின் குறைகளில் ஒன்று.

இன்றைக்கு ஜீப்புகள் களத்தில் நிற்கின்றன. பள்ளி வாசல் காலியாக இருக்கிறது. ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. களத்துக்குப் போகிற பாதையில் விளக்குப் போட வேண்டும் என்ற தீர்மானம் தாளில் இருக்கிறதே தவிர, மின்கம்பத்தில் விளக்கு இன்னும் வரவில்லை. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்களுக்கு அங்கே ஒரு கழிப்பறை வேண்டும். மூன்று மணி நேரம் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து வந்தவர்களின் தேவை அது. சாய்தளங்களை அளக்க வேண்டும் என்ற பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நடுத்தெருவில் கார்கள் பழையபடியே நிற்கின்றன. களத்தில் அவற்றுக்கும் இடம் இருக்கிறது.

இதற்கிடையில் களத்துக்கு இரவுக் கட்டணம் வசூலிக்கலாம் என்ற யோசனை ஊருக்குள் உலவுகிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பது சரி. ஆனால் ஜீப்காரர் அதைத் தன் கையிலிருந்து கட்ட மாட்டார். ஆள் கூலியில் பிடிப்பார். விளக்கும் கழிப்பறையும் தராத இடத்துக்கு என் மதினியின் கூலியிலிருந்து காசு போவதை நான் ஏற்க மாட்டேன். முதலில் அவை இரண்டும் வரட்டும், பிறகு அங்கே நிற்கிற எல்லா வண்டிக்கும், காரையும் சேர்த்து, ஒரே அளவில் கட்டணம் பேசலாம். இதை மே 1 கிராம சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் நடக்கிற கிராம சபைகளுக்குத் தோட்டத்துப் பெண்கள் வர முடிவதில்லை, அவர்களுக்கு அவை வேலை நாட்கள். மே 1 அன்று எந்த ஜீப்பும் மலையேற வேண்டாம் என்று ஓட்டுநர்களிடம் இப்போதே பேசிவருகிறோம். இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களை இந்த வாரம் களத்தில் பார்க்க வேண்டும்.